பதினொன்றுக்குப் பிறகு

இரத்தினம்மா இராசாத்தியின் வலது கையைப் பிடித்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் மஞ்சளாய் ஏதோ தோலோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. சவர்க்காரத்துக்கும் அசையவில்லை, தேசிக்காய்க்கும் அசையவில்லை.

"என்ன பிள்ளை இது, மஞ்சள் அரைச்சனியோ?"

"ஓம் மச்சாள்."

"அரைச்ச மஞ்சள் இப்பிடிப் பிடிக்குமே? சனம் காத்துக்கொண்டு நிக்குது. அரப்பு வைக்கேக்கை எல்லாரும் உன்ரை கையைத்தான் பாப்பினம்."

அது மஞ்சள் இல்லை. சுடுதண்ணீர்க் குழாய்களைப் பொருத்துகிற பசை. நேற்று மத்தியானம் பட்டது. பட்ட உடனே துணியால் துடைத்திருந்தால் போயிருக்கும். துடைக்க அப்போது நேரம் இருக்கவில்லை.

வெளியே கிணற்றடியில் மர வாங்கு போட்டு இராசாத்தியின் புருஷன் மார்க்கண்டுவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் செத்தவர், மரண விசாரணை முடிந்து இன்று காலை பத்து மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார். வயது அறுபத்திரண்டு. முப்பது வருடமாய் இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஓட வைத்த மனிதர். இன்றைக்கு அவருடைய தலையில் வாளியால் தண்ணீர் ஊற்றுவதற்கு நான்கு பேர் முண்டியடித்தார்கள்.

இராசாத்தி போய் எண்ணெயும் அரப்பும் வைத்தாள். மஞ்சள் விரல்களை உள்ளே மடித்து, உள்ளங்கையால் வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. புருஷனை இழந்தவளின் கை எப்படி வளைந்தாலும் அது துக்கம் என்றுதான் சனம் எடுத்துக்கொள்ளும்.

திரும்பி வந்து ஜன்னலோரமாய் இருந்தாள். செத்த வீட்டுப் பந்தலில் நாட்டுக் குறையைப் பேசித் தீர்க்காமல் எழும்புகிற ஆம்பிளை யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. இன்றைக்கு அவர்களுக்கு வாய்த்தது பிளம்பர் பஞ்சம்.

"என்ரை வீட்டுத் தண்ணி ராங்கி ஒழுகத் தொடங்கி மூண்டு மாசம். உவன் மார்க்கண்டுவும் போயிட்டான். இனி ஆரைப் பிடிக்கிறது?"

"பெடியள் முழுக்கக் கட்டாருக்கும் துபாய்க்கும் ஏறீட்டாங்கள். மிஞ்சி நிக்கிறவனுக்குக் கதிரையும் மேசையும் வேணும்."

"தொழிற்பயிற்சிக்கு இருபது பேரைக் கேட்டவையாம். நாலு பேர்தான் சேந்ததாம். அந்த நாலு பேரும் படிப்பு முடிய முந்திப் பாஸ்போட் எடுத்திட்டாங்களாம்."

"டொக்ரரைக் கூடப் பிடிக்கலாம். பிளம்பர் குதிரைக் கொம்பு."

அந்தக் குதிரைக் கொம்பு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நூல் சேலையோடு இருந்தது. அதை அவர்களுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னர் வரை மார்க்கண்டுவுக்கு லோஜன் கையாளாய் இருந்தான். இவருடைய சகோதரி இரத்தினம்மாவின் மகன், மருமகன் முறை. ஒருநாள் அவனும் டோகாவுக்குப் போனான். அதற்குப் பிறகு இரட்டைச் சம்பளம் தருகிறேன் என்றாலும் ஒருத்தன் வரவில்லை. அடுத்த வருடம் மார்க்கண்டுவுக்கு இலேசாய் வாதம் தட்டியது. நடைக்கும் வாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை, வலது கை மட்டும் நடுங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி நிலத்துக்கு.

"இனி விடுங்கோவன்" என்றாள் இராசாத்தி.

"விட்டிட்டு?" என்றார் அவர்.

சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு அவரோடு போகத் தொடங்கினாள். முதலில் ரோர்ச் பிடித்தாள். பிறகு வாளால் குழாய் அறுத்தாள். ஆறு மாதத்தில் கண் அவருடையது, கை அவளுடையது என்றாகிவிட்டது. வெளிநாட்டுக்காரரின் பூட்டிக் கிடக்கிற வீடுகளாய்ப் பார்த்துத்தான் வேலை ஒப்புக்கொள்வார்கள். கேற்றைச் சாத்திவிட்டால் யார் பொருத்துகிறார்கள் என்று காகத்துக்கும் தெரியாது. முடிந்த வேலையைப் படம் எடுத்து அனுப்பினால், கனடாவிலிருந்து பதில் வரும்: "அண்ணை, உங்கடை கைக்கு நிகர் இல்லை." அவர் அதை அவளுக்கு உரத்து வாசித்துக் காட்டிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கிடைத்த கூலி போதுமாய் இருந்தது.

மகன் கஜீவனுக்கு மட்டும் தெரியும். வவுனியாவில் ஒரு கந்தோரில் மேசை வேலை. "செய்யிறதைச் செய்யுங்கோ அம்மா, வெளியிலை தெரியாமல் பாருங்கோ. எனக்குப் பெண் பாக்கிற நேரம்" என்று ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. அவள் அவனைக் குறை சொல்லவும் இல்லை.

நேற்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வேலை. கனடாக்காரர் ஒருவர் தாய் தகப்பன் இருந்த வீட்டைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை அறையாய் வாடகைக்கு விடப் போகிறார். ஆறு குளியலறை. ஐந்து முடிந்து, ஆறாவதில் கடைசிப் பொருத்து. அதற்கு மேல் சுவரை மூடி ரைல்ஸ் ஒட்டிவிடுவார்கள்.

பசை பூசிய குழாயை வளைவுக்குள் தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முப்பது எண்ணும் வரைக்கும். முந்தி விட்டால் பசை குழாயைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வெளியில் பார்க்க நன்றாய்த்தான் இருக்கும், ஆறு மாதத்தில் சுவருக்குள் ஒழுகும். பிடிப்பது அவள். எண்ணுவது அவர். கை நடுங்கினாலும் வாய் நடுங்காது என்று அந்த வேலையைத் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

அவளுக்கு முகம் சுவருக்கு. அவர் பின்னால் நின்றார். பதினொன்று வரைக்கும் எண்ணினார்.

பிறகு சத்தமில்லை. சில நாளில் பகிடிக்கு அப்படி நிறுத்துவார். அவள் எண்ணுகிறாளா என்று பார்க்க. "பன்னிரண்டு" என்று அவள் தானே எடுத்தாள். பதின்மூன்றில் குழாய் திருகுகிற சாவி ஒன்று நிலத்தில் விழுந்தது. பதினைந்தில் சுவரோடு சட்டை உரசி இறங்குகிற சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று அவள் தனக்கே பொய் சொல்ல முடியாது. "என்னப்பா?" என்றாள், திரும்பாமல். பதினாறு. பதினேழு. கை விட மறுத்தது. முப்பது வந்த பிறகுதான் திரும்பினாள்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூச்சிருந்தது. பின்னேரம் போய்விட்டது. "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம்" என்றார் டொக்ரர். காலையிலிருந்தே நெஞ்சு நொந்திருக்க வேண்டும், மறைத்திருப்பார் என்று அவர் எண்ணிச் சொன்னார். இராசாத்திக்குக் 'கொஞ்சம்' என்பது எவ்வளவு என்று சரியாய்த் தெரியும். பத்தொன்பது.

மத்தியானம், அந்த வீட்டு வேலையைக் கொந்தராத்து எடுத்த முத்துக்குமாரு வந்தார். செருப்பைக் கழற்றி, குளிப்பாட்டி வேட்டி சால்வையோடு பெட்டியில் வைத்திருந்த மார்க்கண்டுவுக்கு முன்னால் நின்று கும்பிட்டார். கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு இராசாத்திக்கு அருகில் வந்து குந்தினார். கஜீவன் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, ஒண்டு சொல்ல வேணும். மனுசன் கடைசிப் பொருத்தையும் முடிச்சுப்போட்டுத்தான் விழுந்திருக்கிறார். நாளைக்கு ரைல்ஸ்காரர் வருவினம், விட்டால் பிறகு ரெண்டு மாசத்துக்கு அவையும் இல்லை. அதாலை காலமை நானே தண்ணி நிரப்பி அமத்திப் பாத்தன்."

போனை எடுத்து நீட்டினார். படத்தில் தண்ணீர் அழுத்தம் காட்டுகிற வட்டமான மானி. ஊசி ஆறில் நின்றது.

"அஞ்சு மணித்தியாலம். ஒரு மயிரிழை இறங்கேல்லை. உப்பிடி ஒரு கை இனி எங்கை கிடைக்கப்போகுது?"

ஒழுகியிருக்கலாம் என்று இராசாத்தி நினைத்தாள். காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஒழுகியிருந்தால் போய்த் திட்டலாம், உடைக்கலாம், கை பிழை விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழலாம். ஊசி அசையாமல் நின்றது. குழாயை அவள் அவ்வளவு நன்றாய்ப் பிடித்திருக்கிறாள்.

"நீங்கள் சாப்பாடு கொண்டு போனது நல்லதாப் போச்சு அக்கா. இல்லாட்டி மனுசன் தனியக் கிடந்திருக்கும்."

"ஓம்" என்றாள்.

கஜீவன் நிலத்தைப் பார்த்தான்.

அவர் எழும்பிப் போக, இரத்தினம்மா தன் போனோடு வந்தாள். "லோஜன் லைனிலை நிக்கிறான். மாமியோடை கதைக்க வேணுமாம். விசர் பிடிச்சவன் மாதிரி அழுறான், நீ ஒருக்கால் சொல்லு பிள்ளை." போனைக் கஜீவனின் கையில் கொடுத்துவிட்டு அரிசிப் பெட்டி எடுக்கப் போனாள். கஜீவன் அதைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

லோஜன் நீலச் சட்டையும் மஞ்சள் தொப்பியுமாய் எங்கேயோ ஒரு கட்டடத்துப் படியில் இருந்தான்.

"மாமி."

"சொல்லு ராசா."

"என்ன வேலையிலை நிண்டவர்?"

"சுடுதண்ணி லைன். கடைசி வளைவு."

அவன் கண்ணைத் துடைத்தான். தொழில்காரன், அவனுக்கு மேலே சொல்லத் தேவையில்லை; நடுங்குகிற கையால் அந்த வளைவைப் பிடிக்க முடியாது என்றும் தெரியும்.

"ஆர் பிடிச்சது?"

"நான்தான்."

"மாமா எண்ணினவரோ?"

"பதினொண்டு மட்டும்."

டோகாவில் ஏதோ ஒரு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"நீங்கள்... முழுக்கப் பிடிச்சனீங்களோ மாமி?"

"முப்பது வந்தாப்போலைதான் விட்டனான் ராசா." இதை அவள் விசாரணைக்காரருக்குச் சொல்லவில்லை, மகனுக்குச் சொல்லவில்லை. "விழுந்த சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

கஜீவன் போனிலிருந்து கண்ணை எடுத்துத் தாயைப் பார்த்தான். லோஜனின் முகம் ஒரு பக்கமாய்ச் சரிந்து மறுபடி நேரே வந்தது.

"நான் நிண்டிருந்தா" என்றான் அவன். "ஒராள் பைப்பைப் பிடிச்சிருக்கும். ஒராள் மாமாவைப் பிடிச்சிருக்கும்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவன் போனதிலும் பிழை இல்லை. அவன் அனுப்பிய காசில்தான் இரத்தினம்மாவின் வீட்டுக்குக் கூரை வந்தது. தூரத்தில் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "மாமாவின்ரை முகத்தை ஒருக்கால் காட்டு மச்சான்" என்றான். கஜீவன் காட்டினான். பிறகு போன் இருண்டது.

ஐயர் வந்தார், கிரியை நடந்தது. ஈர வேட்டியோடு கஜீவன் சொன்ன இடத்தில் இருந்தான், சொன்னதைச் செய்தான். பெண்கள் ஒவ்வொருவராய் வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாய் இராசாத்தியைக் கைத்தாங்கலாய்க் கொண்டுவந்தார்கள். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. இதற்கு மேல் அவளுக்கு அவர் இல்லை.

அரிசியைப் போட்டாள். நெஞ்சில் சேர்த்துவைத்திருந்த அவருடைய வலது கையைத் தன் கையால் பற்றினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாய் அது நடுங்காமல் இருந்தது.

"சரி பிள்ளை, விடு" என்றாள் இரத்தினம்மா. "பெட்டியை மூடப் போகினம்."

அவள் விடவில்லை. உதடு அசைந்தது.

"பன்னிரண்டு."

"என்ன பிள்ளை?"

"பதின்மூண்டு. பதினாலு."

"ஐயோ, மூளை கலங்கிப் போச்சு. ஆராவது பிடியுங்கோ இவளை!" பின்னாலிருந்து இரண்டு பெண்கள் அவளுடைய தோளைப் பிடித்தார்கள். வாசலில் பறை தொடங்கியது. மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள்.

"நேரம் போகுது. அம்மாவை விலத்து தம்பி."

கஜீவன் முன்னால் வந்தான். தாயை விலத்தவில்லை. தோளைப் பிடித்த பெண்களின் கைகளை எடுத்துவிட்டான்.

"பொறுங்கோ" என்றான்.

"இன்னும் எவ்வளவு நேரத்துக்கு?"

"கொஞ்சம்தான். எங்கடை அம்மா பைப் வேலைக்காரி. முப்பது வரவேணும்."

மூடி தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பந்தலில் யாரோ "என்னவாம்?" என்று கேட்டார்கள். முத்துக்குமாரு மட்டும் இராசாத்தியின் மஞ்சள் விரல்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்தெட்டு. இருபத்தொன்பது."

முப்பதில் அவள் விட்டாள்.

மூடி போட்டார்கள், தூக்கினார்கள். பறைச் சத்தம் ஒழுங்கை முனையில் திரும்பி மெல்ல மெல்லத் தேய்ந்தது. வீடு கழுவுவதற்காகப் பெண்கள் வாளி தேடினார்கள். இராசாத்தி வெறும் வாங்குக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய வலது கை இன்னும் முழுதாய் விரியவில்லை. முக்கால் அங்குலக் குழாய் ஒன்று நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.