எல்லாக் கட்டமும் பச்சை

திங்கட்கிழமை காலை ஏழு மணி. புதுக் கட்டடத்து டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு நோயாளிகள், எல்லாம் தயார். ஹெட் நர்ஸ் மட்டும் ஒரு ஊசியைக்கூடத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் எங்கம்மா? தண்ணி சுத்தமில்லேன்னா நேரா ரத்தத்துல விஷம் ஏறிடும்” என்று அவர் கேட்டதும் தேதியம்மா கையிலிருந்த ஃபைலைப் புரட்டினாள்.

தேதியம்மா என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பத்து வருஷம் புராஜெக்ட் மேனேஜராக இருந்து ஒரு தேதியைக்கூடத் தவறவிட்டதில்லை, மகராசி. அந்தப் பெருமைக்குத்தான் ஆறு மாதம் முன்னால் அவளைப் புரோகிராம் மேனேஜர் ஆக்கினார்கள். டயாலிசிஸ் பிரிவைப் பழைய கட்டடத்திலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். தண்ணீர் சுத்திகரிப்புக்கு ஒருவர், மெஷினுக்கு ஒருவர், பழையதைக் கழற்றிக் காலி பண்ண ஒருவர் என்று மூன்று புராஜெக்ட். மூவருக்கும் மேலே இவள்.

பழக்கதோஷம் யாரை விட்டது? மூன்று வேலையையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியவள், ஒவ்வொன்றின் தேதியையும் தனித்தனியாக விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் அறைச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை. வேலை முடிந்தால் அந்தக் கட்டத்துக்குப் பச்சை வண்ணம். பச்சையைப் பார்த்துவிட்டால் அம்மாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

காலி பண்ணுகிறவர் சனிக்கிழமை வந்து தலையைச் சொறிந்தார்.

“மேடம், பழைய தண்ணி பிளான்ட்டை இன்னும் பத்து நாள் அப்படியே விட்டு வைக்கலாமான்னு பார்க்கறேன். எதுக்கும் இருக்கட்டுமே.”

“எதுக்கு இருக்கணும்? சீக்கிரம் முடிச்சா உங்களுக்குத்தானே நல்ல பேரு? நாளைக்கே கழட்டிடுங்க.”

நல்ல பேர் என்றால் யாருக்குக் கசக்கும்? ஞாயிறு சாயங்காலத்துக்குள் பழைய குழாய்களெல்லாம் லாரியில் ஏறிவிட்டன. கடைசிக் கட்டத்துக்கு அவளே பச்சை அடித்தாள். அடித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி போன் பண்ணினாள். தேதியம்மாவின் அண்ணன் தையல்காரர். இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி தவறாமல் டயாலிசிஸ்.

“நாளைக்குப் புது பில்டிங்குக்கே வந்துடலாமாம்மா?”

“கண்ணை மூடிக்கிட்டு வாங்க அண்ணி. எல்லாம் ரெடி.”

இப்போது அந்த அண்ணன் மூன்றாவது நாற்காலியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்க்காரருக்குப் போன் போட்டாள்.

“சாம்பிளை வியாழக்கிழமையே லேபுக்கு அனுப்பிட்டேனே மேடம். ரிசல்ட் வர ஏழு நாளாகும். அனுப்பறவரைக்கும்தான் என் பிளான்ல இருக்கு.”

மெஷின்காரரோ, “குழாய்ல தண்ணி வருதான்னு பார்த்தேன், வந்துச்சு. அது நல்ல தண்ணியான்னு பார்க்கறது என் வேலையில்லையே மேடம்” என்றார்.

ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தரும் வேலையில் குறை வைக்கவில்லை. அந்த ஏழு நாள் மட்டும் யாருடைய பேப்பரிலும் இல்லை. ஒருத்தர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தியை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அடிப்பாவி, அது நான்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பிப் போகப் பழைய பிரிவும் இல்லை. ‘எதுக்கும் இருக்கட்டுமே’ என்றவரின் வாயை அடைத்ததும் அவள்தான்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு டயாலிசிஸ் செய்யாத உடம்புகள். இரண்டு நாள் தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சினாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். பத்து மணிக்குள் பதினோரு இடம் கிடைத்தது. பன்னிரண்டாவது இடம் மறுநாள் காலையில்தான். டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பினார். கடைசியில் ஒரு இடத்துக்கு அண்ணனும் ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேனும் மிஞ்சினார்கள். இரண்டு பேர் நிலைமையும் ஒன்றுதான் என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

“அவர் போகட்டும் டாக்டர். நான் நாளைக்கு வரேன்.”

“அண்ணே, வேணாம்ணே...”

“சும்மா இரு பாப்பா. தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கா, அதான் இடம் கிடைச்சுதுன்னு நாலு பேர் பேசணுமா?” என்றவர் சிரித்தார். “கை, காலர், பாக்கெட் எல்லாம் கச்சிதமா தைச்சிருக்கே. ஒண்ணா சேர்த்துத் தைக்கத்தான் மறந்துட்டே.”

தண்ணீர் குடிக்கக் கூடாது, மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு மீட்டிங். மேலிடத்துக்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை. சொல்ல வேண்டியவள் அவள். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். டைரக்டர் அட்டவணையைக் காட்டி, “மூணும் தேதிக்குள்ள! அதுல ஒண்ணு பத்து நாள் முன்னாடியே!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். காலி பண்ணினவர் மட்டும் குனிந்துகொண்டார்.

“தட்டாதீங்க சார்,” என்று அவள் எழுந்தாள். “அவரை அவசரப்படுத்தினது நான். நேத்து ஒருத்தருக்குக்கூட நம்மால...” அதற்குள் போன் அதிர்ந்தது. அண்ணி.

“கிளம்பி வாசப்படி இறங்கல, அப்படியே உக்காந்துட்டாரு. மூச்சே விட முடியலைம்மா.”

பன்னிரண்டாவது இடம் கொடுத்த ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கண்ணாடி வழியே பார்த்தாள். முகத்தில் மாஸ்க். பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது, சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

அண்ணி பெஞ்சில் அண்ணனுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

“வரலாமான்னு ஒரே ஒரு கேள்விதானேம்மா கேட்டேன்?”