இருபத்தொன்றுக்கு இரண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, செத்துப்போன புருஷன் மகளின் ஃபோனில் சிரிப்பதை நாகலெட்சுமி பார்த்தாள்.

கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்காக மகள் பிரேமினி ஹட்டனில் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். காது பழகவேண்டும் என்று வாத்தியார் சொன்னதால், அந்த நாட்டின் பழைய பேஸ்போல் ஆட்டங்களை ஓடவிட்டு, குனிந்தபடி வர்ணனையைக் கொப்பியில் எழுதுவாள். அன்றைக்கு ஓடியது 2000ஆம் ஆண்டு ஆட்டம். ஓர் அணி இருபத்தொன்று, மற்றது இரண்டு. தோற்கிறவர்கள் பந்துக்கு ஓடுவதைக்கூட விட்டிருந்தார்கள். மழை வேறு. ஆட்டத்தில் காட்ட ஒன்றுமில்லாமல் கெமரா காலி இருக்கைகளைச் சுற்றி வந்தது. ஒரு வரிசையில் இரண்டே பேர், பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவள் புருஷன் வீரய்யா. மற்றவர் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டுச் செல்லசாமி.

நாகலெட்சுமியின் விரல் தானாகப் போய்ப் படத்தை நிறுத்தியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. போய்க் குளி, தண்ணி நின்னுரும்."

கடிதங்கள் நின்றுபோன 1999இலேயே வீரய்யா தொழிற்சாலைத் தீயில் செத்துவிட்டதாகச் சொன்னவரே செல்லசாமிதான். இருவரும் கொரியாவுக்கு ஒன்றாகப் போனவர்கள். 2001 தைப்பொங்கலுக்கு முன்னால் செல்லசாமி மட்டும் திரும்பி வந்து, வாசலில் நின்று அழுது, ஒரு செம்பில் சாம்பலைக் கொடுத்தார். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கரைத்தாள். ஒரு சிட்டிகையை மட்டும் எடுத்துக் குழந்தை பிரேமினியின் நெற்றியில் பூசினாள்.

மகள் குளிக்கப் பீலித் தண்ணீருக்குப் போனதும் ஃபோனை எடுத்துக்கொண்டு படியேறினாள். செல்லசாமி வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. அவள் படத்தை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"எங்க கெடச்சுச்சு இது?" என்றார். இது யார் என்று கேட்கவில்லை.

"ரெண்டாயிரத்துல ஆடுன ஆட்டமாம் அண்ணே."

ரேசரைக் கீழே வைத்தார். "எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க தங்கச்சி. அவந்தான் முடியிற வரைக்கும் இருப்போம்னான். வெளிய வந்தப்பதான் சொன்னான், இனி ஊருக்கு வரமாட்டேன்னு. அங்க ஒரு பொண்ணோட இருந்தான். செத்துட்டேன்னு சொல்லிரு, இல்லாட்டி அவ வீணாக் காத்துக்கிட்டு இருப்பான்னான்."

"அப்ப நான் கரைச்ச சாம்பல்?"

அவர் தலை நிமிரவில்லை. "ஹட்டன்ல பஸ் மாறுறப்ப... ஒரு சாப்பாட்டுக் கடை அடுப்புல அள்ளுனது."

அவளுக்கு அழுகை வரவில்லை. இருபத்துநாலு வருஷம் திதி கொடுத்து, படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்தது யாருக்கு? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப இருக்காரா?"

"சத்தியமா தெரியாது. நான் வந்த பொறகு ஒரு கடுதாசி இல்ல."

"எந்திரிங்க."

"எங்க?"

"அன்னைக்கு எங்க வாசல்ல வந்து நின்னு நீங்கதான சொன்னீங்க. இதையும் எம் மககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

"புள்ள பரீட்சைக்குப் படிக்கிற நேரத்துல எதுக்கு..."

"அங்கதான போகப்போறா. தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும். இல்ல, போகாம இருக்கட்டும்."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார். காதோரம் இன்னும் நுரை ஒட்டியிருந்தது. தேயிலைக்கு நடுவே இறங்கும் படிகளில் பாதியில் மூச்சு வாங்கி நின்றார். நாகலெட்சுமி நான்கு படி கீழே, திரும்பிப் பார்க்காமல் காத்து நின்றாள். கீழே லயத்து வாசலுக்கு வந்த பிரேமினி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"ஃபோன நீங்களா எடுத்துட்டுப் போனீங்க?" என்று கத்தியவள், அம்மாவுக்குப் பின்னால் நிற்பவரைக் கண்டதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க மாமா," என்று சிரித்தாள்.