ஓரம் மடித்த சப்பாத்தி

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. அது மாடியிலிருந்து விழுந்தது.

வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். காலுக்குப் பக்கத்தில் ‘டணார்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் சப்பாத்தி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தரை ஓடுதான் விரிசல் விட்டிருந்தது. (நம்பாதவர்கள் நேரில் வரலாம். விரிசல் மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறேன். தொட்டியை மட்டும் நகர்த்தாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.) தெருநாய் ஒன்று வந்து மோந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு போய்விட்டது.

நிமிர்ந்தேன். மாடி வீட்டுத் தையல்காரர் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்கண்ணே. ஆற வெச்சிருந்தேன். காக்கா தூக்கிட்டுக் கிளம்பிச்சு. பாரம் தாங்கல போல.”

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மனைவியை இழந்த தையல்காரர் ஒருவர், இருண்ட சமையலறையில்—”

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். அந்தச் சமையலறை இருண்டதும் அல்ல. பெரிய ஜன்னல், பளிச்சென்ற வெளிச்சம்.

அடுத்தது: “மாவு மனித வாழ்க்கையைப் போன்றது. எவ்வளவுக்கெவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு—”

இதையும் இங்கேயே விட்டுவிடுகிறேன். மாவு மாவைப் போலத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். மனைவி போன பிறகு தையல்காரர் டீயிலும் பன்னிலும் உயிர் வாழ்ந்தார். அவருக்குச் சர்க்கரை. இரவில் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

“ராத்திரி என்னப்பா சாப்பிட்டீங்க?”

“சப்பாத்திதாம்மா.”

“அப்போ இந்த பன் கவரையெல்லாம் யாரு காலி பண்ணினது? தையல் மெஷினா?”

தையல்காரர் மெஷினைப் பார்த்தார். அது காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் தீர்ப்புச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவரே பிசைந்து, அவரே தேய்த்து, அவரே சுட்டு, அவளுக்கு மூன்று சப்பாத்தி போட வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. மூன்றில் ஒன்றாவது உப்பி எழுந்தால் அவர் இந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவளோடு கிளம்ப வேண்டும்.

3

இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின் மேல் சந்தேகம். கண்ணால் அளந்தே வட்டக் கழுத்து வெட்டுகிற மனிதருக்கு ஒரு சப்பாத்தி வட்டமாக வராதா? நீங்கள் கேட்பீர்கள். அதனால் மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன்.

வட்டம் பிரமாதமாக வந்தது. துணி வெட்டுகிற மேசையில் மாவை விரித்துத் தேய்த்தார். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, நீலச் சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்தார். கத்தரிக்கோலை எடுத்து, கோட்டுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி வெட்டினார். பிறகு அந்த ஒரு விரல் அகலத்தை உள்பக்கமாக மடித்து, நகத்தால் நீவி நீவி அழுத்தினார்.

“இது எதுக்குய்யா?”

“ஓரம்ணே. மடிக்காம விட்டா பிசிறு பிரியாதா?”

“சப்பாத்தியில ஏதுய்யா பிசிறு?”

“எடுத்த எடுப்புல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நாலு தடவை துவைச்சாத்தான் தெரியும்.” சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். “சரி, துவைக்க மாட்டாங்க. ஆனாலும்.”

கல்லில் போட்டார். நடுவில் கருகியது, ஓரத்தில் பச்சை மாவாகவே நின்றது. மேடு இல்லை, குமிழ் இல்லை. மாதிரித் துணி மாதிரி தட்டையாகக் கிடந்தது. கடுப்பில் அவர் அடுத்ததை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். பட்டுத் துணிச் சூட்டில் ஒன்றும் ஆகவில்லை. பருத்திச் சூட்டில் நன்றாகவே சிவந்தது. சாப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு சட்டைப் பித்தான் இருந்தது. அது வெந்திருந்தது.

(இந்தப் பத்தியில் பாதி நான் சேர்த்தது. எந்தப் பாதி என்று சொன்னால் மீதியையும் நம்ப மாட்டீர்கள்.)

4

இதுவரை எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

“இருக்கிறதையே எழுதியிருக்கீங்க. பித்தான் மட்டும் பொய்.”

“அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.”

“ஞாயித்துக்கிழமைக்கு என்ன எழுதப் போறீங்க?”

“இன்னும் எழுதல.”

“உப்பினதா எழுதிடுங்களேண்ணே. உங்களுக்கு மைதானே செலவு?”

“எழுதினா உப்பிடுமா?”

“எழுதித்தான் பாருங்களேன். என்ன குடியா முழுகிடும்?”

நான் பேனாவை மூடி வைத்தேன். கேட்கக் கூடாததைக் கேட்டேன்: “ஏன்யா, மக வீட்டுல இருந்தா என்ன? நல்ல பொண்ணுதானே?”

“தங்கமான பொண்ணு. நல்ல வீடு. கட்டில், மெத்தை, ஜன்னலோரமா எனக்குன்னு ஒரு ரூமு. மெஷினுக்குத்தான் இடமில்ல. ‘நீங்க ஏம்பா இன்னும் தைக்கணும், சும்மா இருங்க’ங்கறா.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “சும்மா எப்படிண்ணே இருக்கிறது? அது எனக்கு யாரும் சொல்லித் தரலையே.”

மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தேன்.

(என் பக்கத்துச் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வயிறு பெருக்கப் பெருக்க, கால்சட்டை இடுப்பைப் பிரித்துவிடுகிறவர் அவர்தான். அவர் போய்விட்டால் நான் இளைக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்தக் கதையில் என்னை நடுநிலையாளன் என்று நினைத்துவிடாதீர்கள்.)

5

ஞாயிற்றுக்கிழமை. மகள் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சாட்சி.

“பெரியப்பா, நடுவுல நீங்க ஏதாவது சொல்லிக் கொடுத்தீங்கன்னா உங்களுக்கும் சேர்த்துப் பெட்டி கட்டிடுவேன்.”

வாயை மூடிக்கொண்டேன். எழுத்தாளனை இவ்வளவு சுருக்கமாக யாரும் திருத்தியதில்லை.

முதல் சப்பாத்தி வந்தது. அவள் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இது என்ன?”

“மடிப்பு.”

“சப்பாத்திக்கா?”

“உன் பள்ளிக்கூடப் பாவாடைக்கெல்லாம் உள்ள மடிச்சு வெச்சுத் தெச்சேனே. நீ வளர வளரப் பிரிச்சு விட்டேன்ல?”

“இது வளராதுப்பா.”

சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை. (தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.) திரும்பியபோது பச்சை மாவு ஓரத்தைப் பிய்த்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள்.

இரண்டாவதில் பாதி ஓரத்தை மட்டும் மடித்தார். அது பாதி உலக வரைபடம் போல வந்தது. உப்பவில்லை.

மூன்றாவதைத் தேய்த்து முடித்தார். வெட்டவில்லை. வட்டமும் இல்லை, ஒரு பக்கம் காது மாதிரி நீண்டிருந்தது. ஓரம் திறந்து கிடந்தது. அவர் விரல்கள் தாமாகவே அங்கே போயின. ‘வேண்டாம்’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பிசிறோட ஒரு சரக்கை இதுவரைக்கும் நான் யார் கையிலயும் கொடுத்ததில்லம்மா.”

“போடுங்கப்பா.”

போட்டார். திருப்பினார். மறுபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கல்லின் மேல், காதுப் பக்கமாக, ஒரு சின்ன மேடு எழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவு. மூன்று பேரும் குனிந்தோம். மேடு நகர்ந்தது. உள்ளே ஆவி வழி தேடிக்கொண்டிருந்தது. மடித்த துணியால் ஓரத்தை இலேசாக அழுத்தி அதை விரட்டிவிட்டால் சப்பாத்தி முழுதும் எழும். விட்டுவிட்டால் அடங்கிவிடும். எனக்குத் தெரியும், வாய் திறக்க முடியாது. அவருக்குத் தெரியாது, ஒரு சப்பாத்தி உப்புவதை அவர் இதுவரை தட்டில் பார்த்திருக்கிறாரே தவிரக் கல்லில் பார்த்ததில்லை.

மகளுக்குத் தெரியும். பழக்கத்தில், தன்னை அறியாமல், அவள் எழுந்து அடுப்பு மேடையிலிருந்த துணியை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் கையைப் பார்த்தாள்.

6

முடிவுகள் கைவசம் உண்டு.

அ) அவள் அழுத்துகிறாள். உப்புகிறது. யாரும் கை கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே சட்டத்தை மீறிவிட்டாள். அப்பா இங்கே இருக்கிறார்; அவள் வீட்டுக்குப் போய், ஜன்னலோர ரூமின் கதவைச் சாத்துகிறாள்.

ஆ) துணியைக் கீழே வைக்கிறாள். அவர் வேட்டி சட்டையை மடித்துப் பெட்டியில் வைக்கிறார். மடிப்பு மட்டும் நேராக வருகிறது.

இ) நான் எழுதுகிறேன்: “அப்போது சப்பாத்தி தானாகவே எழுந்து, கூரையைத் தொட்டு, தையல்காரரைத் தூக்கிக்கொண்டு—”

“பெரியப்பா!” என்கிறாள் மகள், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க எழுதாதீங்க. நீங்க எழுதினா இவர் ஜெயிச்சுடுவாரு.”

“அண்ணே, நீங்களே எழுதுங்க,” என்கிறார் தையல்காரர்.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஆகவே பேனாவைக் கீழே வைக்கிறேன். துணி அவள் கையில் இருக்கிறது. அவர் கை பின்னால் கட்டியிருக்கிறது. மேடு இன்னும் அடங்கவில்லை.

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள், கருகுகிறது.