போகிற ஒயர், வருகிற ஒயர்

மீனாக்ஷி ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். இறக்கை கால் சுற்று அசைந்து நின்றது. இடது பக்கச் சுவருக்கு அப்பால் மிக்சி சத்தம் பாதியில் அறுந்தது. வலது பக்கத்தில் யாரோடோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த குரலும் அதே நொடியில் நின்றது.

"அயித்தை, ஃபேனப் போட்டீங்களா?" இது இடது பக்கம், பெரிய மருமகள் வித்யா.

"மீட்டிங்குல இருக்கேன் அயித்தை!" இது வலது பக்கம், சின்னவள் ஹரிணி.

"அமத்திட்டேன், அமத்திட்டேன்" என்று இரண்டு சுவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு மீனாக்ஷி கட்டிலில் உட்கார்ந்தாள். பதினோராவது நாள் இது. அவள் ஃபேனைப் போட்டால் ஏன் இரண்டு வீட்டிலும் கரண்ட் போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அரிமளத்தில் ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடந்த வீடு. அதன் நடுவே சுவர் எழுப்பி இரண்டு வீடாக்கியிருந்தார்கள். இடது பாதி பெரியவன் கார்த்திகேயனுக்கு, வலது பாதி சின்னவன் சூர்யநாராயணனுக்கு. இரண்டு சமையலறை, இரண்டு குளியலறை, இரண்டு மீட்டர். முற்றத்தைக்கூட நூல் பிடித்துப் பிரித்தாயிற்று. கடைசியில், இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த பின்கட்டு அறைக்கு வந்ததும் சுவர் நின்றுவிட்டது. அது ஒற்றை அறை. பிரித்தால் ஒரு பக்கத்தில் கட்டில்கூடப் போட முடியாது. "அது ஆத்தாவுக்கு, ரெண்டு பேருக்கும் பொது" என்றார்கள் மகன்கள். நான்கு மாத வேலையில் மீனாக்ஷியின் கட்டில் ஐந்து முறை இடம் மாறியிருந்தது. சோற்றிலும் தலையணையிலும் சிமெண்ட் தூசி நறநறத்தது. அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு வேண்டியதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு மதியம் ஒரு மணி நேரம் காற்றில் படுப்பது.

அது நடக்கவில்லை. வெக்கை தாங்காமல் பெரியவன் வீட்டுக் கூடத்தில் போய் இரண்டு நாள் படுத்தாள். மூன்றாம் நாள் ஹரிணி, "இங்கிட்டு ஏசியே இருக்கு, அயித்தைக்குத்தான் அங்கிட்டுப் பிடிக்குது போல" என்று சிரித்தாள். அதன்பின் கணக்காக இங்கே இரண்டு நாள், அங்கே இரண்டு நாள். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும்போது, தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்டோம் என்று தோன்றும்.

எலக்ட்ரீஷியன் சார்லஸ் மூன்று முறை வந்துவிட்டான். கண்டென்சரை மாற்றினான், சுவிட்சை மாற்றினான். ஃபேனைக் கழற்றி வித்யா வீட்டில் மாட்டினால் ஜோராகச் சுற்றியது. திரும்ப இங்கே மாட்டினால் இரண்டு வீடும் இருட்டு. டியூப் லைட்டும் அப்படியே. ஆனால் சாமி படத்துக்கு மேலிருந்த குட்டிச் சிவப்பு பல்பு மட்டும் ஒரு தொந்தரவும் தராமல் எரிந்தது. மீனாக்ஷிக்கு அந்தப் பல்புதான் உறுத்தியது. ஒயர் கெட்டுப்போயிருந்தால் அதுவும் எரியக்கூடாதே?

நான்காவது முறை வந்தவனிடம் கேட்டாள். "சார்லஸு, கரண்டை அமத்துறது எது? அது எதைப் பாத்து அமத்துது?"

"ட்ரிப்பர் ஆச்சி. மீட்டருக்குப் பக்கத்துல இருக்குல்ல. வீட்டுக்கு ஒண்ணு."

அவன் சொல்லச் சொல்ல அவளுக்குப் புரிந்தது. கரண்ட் ஒரு ஒயரில் போகும், இன்னொரு ஒயரில் திரும்பி வரும். ட்ரிப்பர் வாசலில் நின்று போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனதெல்லாம் வந்துவிட்டால் பேசாமல் இருக்கும். குறைந்தால், எங்கோ யார் உடம்பு வழியாகவோ கரண்ட் தரைக்கு இறங்குகிறது என்று பயந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும். வித்தியாசம் ரொம்பச் சின்னதாக இருந்தால் கண்டுகொள்ளாது. அதனால்தான் சிவப்பு பல்பு எரிகிறது.

"அப்ப என் ரூமுக்குப் போனது திரும்பி வரல. எங்க போகுது? ஒயரு எங்கிட்டிருந்து வருதுன்னு பாரு."

சார்லஸ் சுவிட்ச் போர்டைக் கழற்றி, இந்த முறை ஒயர் வரும் வழியைப் பார்த்தான். சிவப்பு ஒயர் இடது சுவர்க் குழாயிலிருந்து வந்தது. கறுப்பு ஒயர் வலது சுவர்க் குழாய்க்குள் போனது. உடனே போனை எடுத்து, அந்த அறைக்கு ஒயர் இழுத்த தன் ஆள் ஜஸ்டினைப் பிடித்தான்.

"ஏண்டா, பின்கட்டு ரூமுக்கு எங்கடா கனெக்சன் குடுத்த?"

போனில் பதில் உரக்கவே கேட்டது. "அண்ணன்மாரு ரெண்டு பேரும் நின்னு சொன்னாகண்ணே. ஆத்தா ரூமு பொது, ஒரே வீட்டுலேருந்து எடுக்காத, ஆளுக்கு ஒரு ஒயருன்னு."

சார்லஸ் தலையில் அடித்துக்கொண்டான். மூத்தவன் வீட்டிலிருந்து கரண்ட் போகிறது, இளையவன் வீட்டுக்குத் திரும்புகிறது. ஒரு ட்ரிப்பருக்குப் போனது வரவில்லை. இன்னொன்றுக்குப் போகாதது வருகிறது. இரண்டும் பதறுகின்றன.

"ரெண்டையும் ஒரே வீட்டுலேருந்து இழுக்கணும் ஆச்சி. பத்து நிமிசந்தான். எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க."

அந்தப் பத்து நிமிட வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினார்கள்.

"சின்னவன் வீட்டுலேருந்தே எடுக்கட்டும், எனக்கென்ன?" என்றான் கார்த்திகேயன்.

"எடுக்கலாம்" என்றாள் வித்யா. "நாளைக்கு எங்க கரண்டு, எங்க ரூமுன்னு பேச்சு வராம இருந்தாச் சரி."

"அப்ப ஒங்க வீட்டுலேருந்தே எடுங்க" என்றாள் ஹரிணி. "அந்தப் பேச்சு ஒங்களுக்கு மட்டும் வராதா?"

சூர்யநாராயணன் சமாதானமாகக் கையை உயர்த்தினான். "ஆறு மாசம் அங்கிட்டு, ஆறு மாசம் இங்கிட்டுன்னு மாத்தி மாத்தி வச்சுக்கலாமே."

"எதைடா மாத்துவீக, ஒயரையா என்னையா?" என்றாள் மீனாக்ஷி.

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை, அசதிதான் வந்தது. பிள்ளைகள் கெட்டவர்களில்லை. அவளை விட்டுக்கொடுக்காமல் சமமாகப் பங்கிட நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"கார்த்தி, ஒன்னைய எப்ப வேற வச்சேன்?"

"கல்யாணம் முடிஞ்சு ஆறாம் மாசம்."

அவர்கள் வழக்கம் அது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்குப் பெற்றவளே அடுப்பும் அரிசியும் பாத்திரமும் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனியாகச் சமைக்க வைப்பாள். அதற்குப் பெயர்தான் வேறு வைப்பது. அதில் சண்டையுமில்லை, வருத்தமுமில்லை.

"இப்ப என்னைய வேற வைங்க."

"ஆத்தா! பெத்தவளை யாராச்சும் வேற வைப்பாகளா? ஊரு காறித் துப்பும்."

"அப்ப நானே வச்சுக்கிறேன்."

தனி வாசலும் தனி அடுப்பும் இருந்தால் தனி மீட்டர் கிடைக்கும் என்று சார்லஸ் ஏற்கனவே சொல்லியிருந்தான். அடுப்பு வாங்கினால் வந்துவிடும். வாசலோ முன்பே இருந்தது. அடுத்த தெருவைப் பார்த்த பின்வாசல், மிச்சமான சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது. மூட்டைகளை அகற்றி, கீலுக்கு எண்ணெய் விட்டார்கள். கரண்ட் ஆபீஸ் படிவத்தில் மீனாக்ஷி தன் பெயரை நிதானமாக எழுதினாள். நேரில் பார்க்க வந்தவர் ஒற்றை அடுப்பைப் பார்த்து, "யாரும்மா குடியிருக்கா?" என்றார். "நாந்தான்" என்றாள்.

மீட்டர் மாட்டிய அன்று கார்த்திகேயன் வந்து பார்க்கவில்லை. சூர்யநாராயணன் மட்டும் பின்வாசல் படியில் நின்றான், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல். வித்யா ஒரு கிண்ணத்தில் உளுந்தங்களி கொண்டுவந்து அடுப்பருகே வைத்துவிட்டுப் போனாள்.

சார்லஸ் இரண்டு பக்கச் சுவர்க் குழாய்களிலிருந்தும் பழைய ஒயர்களை உருவி எடுத்தான். பின்வாசல் சுவரிலிருந்த மூன்றாவது மீட்டரிலிருந்து சிவப்பையும் கறுப்பையும் ஒன்றாக இழுத்து முடுக்கினான்.

மீனாக்ஷி சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் சுற்றியது. விட்டத்தில் படிந்திருந்த நான்கு மாதச் சிமெண்ட் தூசியைக் கட்டிலின் மீதும், புது அடுப்பின் மீதும், படியில் நின்ற மகனின் சட்டை மீதும் வாரி இறைத்துவிட்டு வேகம் பிடித்தது. இடது பக்கம் மிக்சி நிற்கவில்லை. வலது பக்கம் ஹரிணி பேசிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது மீட்டரிலிருந்து போன கரண்ட் அவ்வளவும் மூன்றாவது மீட்டருக்கே திரும்பிக்கொண்டிருந்தது.