ஐந்தருவியில் ஒரு ஸாரி

1936 ஜூலை 18, சனி. இன்று மாலை இங்கிலீஷ் வகுப்பில் ஒரு பிழை செய்தேன். 'ஸாரி' சொல்லும்போது கையைக் கூப்பிவிட்டேன். துல்கர்னைன் சார் சிரித்தார். "கும்பிடு எதுக்குவே? நிமிர்ந்து நின்னு, முகத்தைப் பார்த்துச் சொல்லணும். காலை மிதிச்சாலும் சொல்லலாம், பிந்தி வந்தாலும் சொல்லலாம், சாவு விழுந்த துட்டி வீட்டிலயும் சொல்லலாம்." மூன்றையும் எழுதிக்கொண்டேன். நான்காவது உண்டா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இதை எழுதிய பரமசிவன் தென்காசி அரிசி மில்லில் எடை போடுகிறவன். மறுநாள், அங்கே மூட்டை தூக்கும் மாடனோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனான். சீசன் கூட்டம். பாறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கால் வழுக்கி, முன்னால் நின்றவரின் பாதத்தை நச்சென்று மிதித்துவிட்டான்.

திரும்பியவர் சங்கிலிப்பாண்டி. அச்சன்புதூரில் பாதி வயல் அவருடையது. எங்கே போனாலும் கூட நாலு தடியர்கள்.

கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுதான் ஊர் வழக்கம். பரமசிவன் நிமிர்ந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "ஸாரி" என்றான்.

"என்னலே சொன்னே?"

"ஸாரி, அண்ணாச்சி."

"காலை மிதிச்சிட்டு கலெக்டரு மாதிரி நிக்கான் பாருங்கலே!"

முதல் அறையில் உதடு கிழிந்தது. அடுத்து, முடியைப் பிடித்து அருவிக்கடியில் அழுத்தினார்கள். மூச்சு முட்டியது. மாடன் பாய்ந்து வந்தான். "விடுங்க அண்ணாச்சி! படிச்சதை அப்படியே ஒப்பிக்கான், கோட்டிக்காரப்பய!"

தடியர்கள் பரமசிவனை விட்டுவிட்டு மாடனைப் பிடித்தார்கள். அவன் தலையைப் பாறையில் மோதினார்கள். தேங்காய் உடைகிற சத்தம். மறுபடி. மறுபடியும். கீழே குளித்தவர்கள் சிவந்த தண்ணீரைப் பார்த்து அலறிக் கரையேறினார்கள். பரமசிவன் சங்கிலிப்பாண்டியின் காலைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கிடுங்க, அவனை விட்ருங்க" என்று கதறினான். அந்தக் கால் அவன் விலாவில் இறங்கியது. "போதும்லே" என்று அவர் சொன்ன பிறகே கைகள் நின்றன.

தென்காசி ஆஸ்பத்திரியில் மாடனுக்குப் பதினொரு தையல். இடது கண் தேறாது என்றார் டாக்டர். நினைவு இன்னும் திரும்பவில்லை. வாசலில் அவன் மனைவி மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சங்கிலிப்பாண்டியின் காரியஸ்தர் நெல்லையப்பன் வந்து பரமசிவனைத் தனியே கூப்பிட்டார்.

"வழுக்கி விழுந்தான்னு ஸ்டேஷன்ல சொல்லிரு. ஐந்தருவியில வழுக்காதவன் யாரு? இல்லேன்னா உனக்கும் வழுக்கும்."

மூக்கம்மாள் எழுந்து வந்தாள். "வழுக்கியா விழுந்தாரு? பக்கத்துல நீங்கதான நின்னிய?"

நெல்லையப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரியை எழுதி முடிக்குமுன் நாலு முறை அடித்துத் திருத்துகிறவன் பரமசிவன். இப்போது திருத்த எதுவும் இல்லை.

"இல்ல மதினி. அடிச்சாங்க. தலையைப் பிடிச்சுப் பாறையில அடிச்சாங்க."

வீட்டுக்கு வந்து, டைரியில் எழுதினான்:

ஜூலை 19, ஞாயிறு. நாளை காலை எட்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன். அடித்த நால்வரின் அடையாளமும் சங்கிலிப்பாண்டியின் பெயரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.