பத்து நாள் சிரிப்பு

நவம்பர் பதினான்காம் தேதி காலை, சிறப்புப் பள்ளியின் தரைத்தள வகுப்பில் ஒரு பையன் நாற்காலியோடு சரிந்து நெற்றியை உடைத்துக்கொண்டான். அடுத்த நாற்காலியில் இருந்த எட்டு வயதுப் பாப்பு இடைவேளை மணி அடிக்கும்வரை சிரித்தாள்.

டீச்சரிடமிருந்து போன் வந்தபோது அவளுடைய அப்பா அப்போதுதான் கண்ணை மூடியிருந்தான். ராத்திரி முழுக்க பேக்கரி அடுப்பின் முன் நின்ற உடம்பு. பையனின் வீட்டார் கொதித்துப் போயிருக்கிறார்கள், காரணம் தெரியும்வரை பாப்புவை அனுப்ப வேண்டாம் என்றார் டீச்சர். இந்தப் பிள்ளைகள் சிரித்தால் சந்தோஷம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. பயமாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்றார். அவன் சரி சரி என்று வைத்துவிட்டான்.

பாப்பு வீட்டில் இருந்தால் பகலில் அவனால் தூங்க முடியாது, இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட வேண்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவன் மனைவிக்கு லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னொரு தடவை வராமல் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேற்பார்வைக்காரி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

பாப்புவுக்குப் பேச்சு வராது. அழுகைதான் வரும், அதுவும் வருஷக்கணக்காக. பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டித் தட்டி ஓய்ந்து, இப்போது தட்டுவதையும் விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பத்து நாளாகச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்த மச்சினன் வாசலிலேயே நின்று, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தானாம். ஐஸ் கட்டி கொடுத்தால் சிரிப்பு கூடுகிறது என்று கண்டுபிடித்தது அப்பாதான். அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் முதல் காரியம் ஃப்ரீசரைத் திறப்பதுதான். அவள் மென்று சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

சாயங்காலம் மனைவி வந்தாள். தண்ணீரில் ஊறி வெளுத்த கைகளை முந்தானையில் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். டீச்சருக்கு வேறு வேலை இல்லை, பிள்ளை சிரித்தால் கூடவா டாக்டரிடம் காட்டுவார்கள் என்று அவன் பொருமினான்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அழுதப்பல்லாம் காதைப் பாத்தோம், வயித்தைப் பாத்தோம், தலையில கைவெச்சுக் காய்ச்சல் பாத்தோம். சிரிச்சப்ப என்னத்தங்க பாத்தோம்? அப்பாடான்னு தூங்கினோம்."

அவன் போய் ஐஸ் தட்டை எடுத்து வந்தான். மனைவியே பார்க்கட்டும் என்றுதான். பாப்பு ஒரு கட்டியை வாங்கிக் கடித்தாள், சிரித்தாள். அவளை மடியில் வைத்திருந்ததால் இந்தத் தடவை அவன் கவனத்துக்குத் தப்பவில்லை. கழுத்து கட்டைபோல விறைத்திருந்தது. நெற்றி வேர்த்திருந்தது. அவளுடைய நகங்கள் அவன் முழங்கையில் இறங்கியிருந்தன. வாய் மட்டும் சிரித்தது.

மனைவி போன் விளக்கைப் போட்டுத் தாடையைப் பிடித்தாள். இரண்டு தடவை கடி வாங்கினாள். மூன்றாவது தடவை தெரிந்தது: கீழே இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி, சுற்றிலும் ஈறு வீங்கியிருந்தது.

"வலிக்கிறது போதாதுன்னு ஐஸ் வேற கேட்டு வாங்குறாளே," என்றான் அவன்.

"அவ எப்பங்க கேட்டா? நீங்க குடுத்தீங்க, வாங்கிக்கிட்டா." போன் விளக்கை அணைத்துவிட்டு, "தெரிஞ்சா செஞ்சீங்க? முகத்தைக் கழுவுங்க, பல் டாக்டர் இருக்காரான்னு கேப்போம்," என்றாள்.

அவன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மறுநாள் காலை அவன்தான் பாப்புவைக் கூட்டிப்போனான். மனைவி சலவைக்கூடத்துக்குப் போனாள். ஊசி போட்டு வாய் மரத்துப்போகும்வரை பாப்பு சிரித்தாள், பிறகு நிறுத்தினாள். பல்லைப் பிடுங்கினார்கள். டாக்டர் பள்ளிக்குப் போன் போட்டுப் பேசினார்.

திங்கட்கிழமை பாப்பு பள்ளிக்குப் போனாள். அவளை அந்தப் பையனிடமிருந்து தள்ளி வேறு வரிசையில் உட்காரவைத்தார்கள்.