மாதிரி விடை

"யாராவது ஒருத்தர் எழுந்து நின்னு சத்தமா வாசிங்க," என்று சொல்லிவிட்டுப் பயிற்சி அதிகாரி மேஜைக்கு அடியில் குனிந்தாள். புரொஜெக்டர் வயர் மறுபடியும் கழன்றிருந்தது. குடிநீர் வாரியத்தின் மேலாளர்கள் முப்பது பேருக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி. அடுத்த மாதத்திலிருந்து இதே பயிற்சி வாரியம் முழுக்கப் போகப்போகிறது என்பதால் இயக்குநரும் கதவோரம் வந்து உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்குத்தான் வாசிக்கப் பிடிக்கும்? ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, கடைசி வரிசையிலிருந்து ஒருவரைக் கிளப்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் வாரியத்தில் நடந்த பயிற்சிகள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. பனிமலை ஏறியவர்கள், கப்பல் கேப்டன்கள். மேலாளர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் பழையபடி கத்தினார்கள். இவள் பொறுப்புக்கு வந்ததும் அதையெல்லாம் மூட்டை கட்டினாள். நம் அலுவலகங்களில் நடந்ததை வைத்துத்தான் நமக்குப் புரியவைக்க முடியும் என்று வாதாடினாள். அவள் எழுதிய இரண்டு பக்கச் சம்பவத்தைப் படித்த இயக்குநர், நேரில் பார்த்த மாதிரி இருக்கிறதே என்றார். இருக்காதா பின்னே? பதினோரு வருடத்துக்கு முன் அவளே செய்த காரியம் அது. அதிகாரியை ஆணாக்கினாள், தண்ணீரை மின்சாரமாக்கினாள், புகார்களின் எண்ணிக்கையைக் கூட்டினாள். அத்தோடு கை கழுவியாயிற்று என்று நினைத்தாள்.

அந்தச் சம்பவத்தில், மின் விநியோகம் நிறுத்தப்படும் அறிவிப்பில் தேதி தவறிவிடுகிறது. மக்கள் கொதிக்கிறார்கள். அதிகாரி, தான் எழுதிக் கொடுத்த சீட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுத்தரைப் பிடித்துக்கொள்கிறார். பிரிவு மொத்தத்துக்கும் முன்னால் அவரை நிற்கவைத்து, வந்த புகார்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்.

வாசித்தவரின் குரல் நிதானமாகத்தான் வந்தது. தொண்டை வறண்ட எழுத்தரிடம் அதிகாரி தன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி, குடித்துவிட்டுத் தொடரச் சொன்ன இடத்தில் அது இடறியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முன்தலை வழுக்கையும் கண்ணாடியும் புதிது. மற்றபடி அதே எழுத்தர், அதேபோல் இரண்டு கையாலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வருகிறவர்களின் பட்டியலை அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அவரும் ஒருநாள் மேலாளர் ஆவார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவர் தொடர்ந்து வாசித்தார். அடுத்த பத்தியில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்துக் கோப்பில் அந்தச் சீட்டு அதிகாரியின் கண்ணில் படுகிறது. தவறான தேதி அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் கிழித்துப் போடுகிறார். விவாதம் சூடுபிடிக்கட்டும் என்று அவள் சேர்த்த பத்தி அது. உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த விஷயமும் அதுதான். அவர் அதையும் கடைசி வரி வரை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

தேநீர் இடைவேளையில் யாரோ, "இருபத்தேழு, டீ ஆறுது வாப்பா," என்று அவரைக் கூப்பிட்டார்கள். நிஜத்தில் அன்றைக்கு அவர் வாசித்த புகார்கள் இருபத்தேழு. எங்கே மாற்றலானாலும் பட்டப்பெயர் கூடவே போயிருக்கிறது. கூப்பிடுகிறவருக்கு ஏன் என்றுகூடத் தெரிந்திருக்காது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. அவரை நடைபாதை ஓரமாக அழைத்துப்போய், "மன்னிச்சிருங்க சார்," என்றாள். அந்த நாளில் அவரை அவள் சார் என்று கூப்பிட்டதில்லை.

"நான்தான் சீட்ட சரியாப் பாக்கலன்னு பதினோரு வருஷமா நெனச்சிட்டிருந்தேன் மேடம்," என்றார் அவர். "இப்பவும் எந்தத் தேதியா இருந்தாலும் மூணு வாட்டி பாப்பேன். வீட்ல என் பொண்ணு கிண்டல் பண்ணுவா."

குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இந்தச் சம்பவத்தை இன்றோடு பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவதாக அவசரமாகச் சொன்னாள். அவர் கையிலிருந்த தாளைத் திருப்பினார். விவாதம் முடியும்வரை யாரும் பார்க்கக்கூடாது என்று அவள் சொல்லியிருந்த மாதிரி விடை பின்பக்கத்தில் இருந்தது. எல்லோரையும் போல அவரும் பார்த்துவிட்டார். நான்காவது வரியில் விரலை வைத்தார். அதிகாரி தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அது அதிகாரியின் மனதை மட்டுமே ஆற்றும். எத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினாரோ அத்தனை பேர் முன்னால் கேட்கவேண்டும்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர், அந்த அதிகாரி அப்புறம் என்னதான் செய்தார் என்று கேட்டார். இயக்குநர்கூடக் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். நாற்காலியில் உட்காரப்போனவள் எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்த அதிகாரி ஆம்பள இல்ல," என்று தொடங்கினாள்.

தொண்டை வறண்டு அடுத்த வார்த்தை வரவில்லை. தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதைத் தொடாமல் நின்றாள்.